ஆண்டவனின் கனிவான கவனத்திற்கு

அந்தக் குடும்பத்தில் யார் வேண்டுதலை ஆரம்பித்தாலும் முதல் வரி ஒன்றுதான்: "ஆண்டவனின் கனிவான கவனத்திற்கு." வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள். மாப்பிள்ளை முதல் நாளே அடக்க முடியாமல் தண்ணீரில் புரையேறி, பாதி வேண்டுதலை இருமியே கழித்தார்.

அது ஒரு நாக்குத் தவறில் பிறந்த வரி. தவறு செய்தவள் மைக்கம்மா. பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். கல்யாணமாகி மூன்றாவது வாரம், மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிப்டையும் ஒருத்தியாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வந்தாள். கணவர் தட்டு வைத்திருந்தார். சாப்பிடுமுன் கண்ணை மூடி நாலு வார்த்தை வேண்டிக்கொள்வது அவள் சின்ன வயதிலிருந்து விடாத பழக்கம். கண்ணை மூடினாள். நாக்கு, அன்று முழுக்க ஓடிய தடத்திலேயே ஓடியது. 'பயணிகளின்' என்பது மட்டும் எப்படியோ 'ஆண்டவனின்' என்று மாறி வந்தது.

கணவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எந்த பிளாட்பாரத்துல நிக்கிறாரு?"

அவளுக்கு அழுகை வருமளவு சிரிப்பு. மறுநாள் ஒழுங்காக ஆரம்பிக்கப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது வேணாம். நேத்து சொன்னதுதான் அவரு காதுல விழுந்த மாதிரி இருந்துச்சு."

அவ்வளவுதான். வரி நிலைத்துவிட்டது.

அறிவிப்பு அறை நிலையத்தின் முதல் மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடியோடு, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய அளவில் இருந்தது. மேசைமேல் ஒரு மின்விசிறி. மைக்கைப் போடுமுன் அதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரெல்லாம் புயல் அடிப்பதுபோல் கேட்கும். ஆகவே கோடைக்காலத்தில் அவள் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல ஒரு தரம் வியர்த்தாள். மைக்கின்மேல் கைக்குட்டை ஒன்றைக் கட்டியிருந்தாள்; 'ப' சொல்லும்போது வெடிக்காமல் இருக்க.

ஒரு வண்டிக்கு இரண்டு அழைப்பு என்பது நிர்வாகத்தின் விதி. மூன்றாவது அழைப்பு அவளுடைய சொந்தச் சரக்கு. இரண்டாவதை முடித்ததும் எழுந்து கண்ணாடி வழியே கீழே பார்ப்பாள். யாராவது பெட்டியும் பிள்ளையுமாக ஓடி வந்துகொண்டிருந்தால் மைக்கை மறுபடி போடுவாள். "ஓடி வர்றவங்க கையைத் தூக்குங்க, நான் பாக்கறேன்." ஓடுகிறவர் ஒரு கையில் பையோடு மறு கையைத் தூக்குவார். "கை தெரியுது. டிரைவர் சார், ஒரு நிமிஷம்." கீழே வண்டி உறுமிக்கொண்டே நிற்கும்.

ஓட்டுநர்கள் வாரினார்கள். மைக்கம்மாவின் தயவில் இன்று போகவேண்டிய ஊருக்கு நாளைக்குப் போகிறோம் என்றார்கள். ஒரு மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்: 'ஆள் ஓடி வந்துகொண்டிருந்தது.' அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் யாரும் கேட்கவில்லை.

கணவருக்கு அதே நிலையத்தின் பணிமனையில் வேலை. பேருந்து இருக்கைகளுக்கு ரெக்சின் தைக்கிறவர். 'சீட்டுக்காரர்' என்று எல்லோரும் கூப்பிட, தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஏலச்சீட்டு நடத்துகிறவர் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போவார்கள். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். "மத்தவங்களுக்குச் சீட்டு கிழிஞ்சா வேலை போயிடும். எனக்குச் சீட்டு கிழிஞ்சாத்தான் வேலையே" என்பார். இந்த நகைச்சுவையை அவர் வருஷத்துக்கு நாற்பது முறையாவது சொல்லியிருப்பார். நாற்பது முறையும் முதலில் சிரித்தது அவர்தான்.

இரண்டு பேருக்கும் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. அவள் விடுதியில் வளர்ந்தவள். அவர் பன்னிரண்டு வயதில் மாமா வீட்டை விட்டுக் கிளம்பி, திரும்பிப் பார்க்காதவர். கல்யாணத்துக்கு அவள் பக்கம் நின்றது நிலைய வாசலில் பழக்கடை வைத்திருந்தவர். அவர் பக்கம் நின்றது ஒரு நடத்துநர். பழக்கடைக்காரர் அன்றோடு அவளுக்கு அண்ணன் ஆனார். நடத்துநர் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பெரியப்பா ஆனார்.

"நமக்குன்னு யாரும் இல்ல" என்று ஒருநாள் அவள் சொன்னபோது சீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னார். "ரத்தத்துல இல்லன்னா என்ன. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துட்டுப் போறாங்க. நீதான் நாள் முழுக்கக் கூப்பிடறியே. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களையும் கூப்பிடு."

அப்படித்தான் பட்டியல் பிறந்தது. ஷிப்ட் வேலையில் கோயில் குளம் என்று போக அவளுக்கு வாய்த்ததில்லை. அவளுடைய பக்தியெல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்த ஒரே பாணியில்: ஆள், எங்கிருந்து, எங்கே.

"பழக்கடை அண்ணன், முழங்கால் வலியிலிருந்து நடமாட்டத்துக்கு. ரெண்டாம் மாடி டீச்சர் மகள், பத்தாம் வகுப்பிலிருந்து பதினொண்ணுக்கு. நடத்துநர் பெரியப்பா, குடியிலிருந்து வீட்டுக்கு." கடைசியில் இறந்தவர்களைச் சொல்வாள். அவர்களுக்கு 'எங்கிருந்து' கிடையாது. "போய்ச் சேர்ந்தவங்க" என்று ஆரம்பித்துப் பெயரை மட்டும் சொல்வாள். பேருந்து நிலையத்துக்காரியின் வாயில் அந்தச் சொல் கொஞ்சமும் துக்கமாக இருக்காது. வண்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பணிமனையில் கழித்துப்போட்ட மூன்று பேர் இருக்கை ஒன்றைச் சீட்டுக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து, கால் வைத்து, பச்சை ரெக்சின் போட்டார். அதுதான் சாப்பாட்டு மேசைக்குப் பெஞ்சு. ஜன்னலோரம் யாருக்கு என்று மூத்த மகளும் சின்னவனும் தினமும் சண்டை போட்டார்கள். அங்கே ஜன்னலே கிடையாது, சுவர்தான். ஆனாலும் சண்டை நடந்தது.

ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர் கண்மண் தெரியாமல் கத்தி, மழைக்காலத்தில் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார். புது வீட்டில் முதல் சாப்பாடு. பட்டியலில் அவர் பெயரும் வந்தது: "பழைய ஹவுஸ் ஓனர், கோபத்திலிருந்து தூக்கத்துக்கு." அப்போது எட்டு வயதான மூத்தவள் கண்ணைத் திறந்து, அந்த ஆளுக்கு எதற்கு என்று கேட்டாள்.

"பஸ்ல ஏறுறவங்க எல்லாரும் நமக்குப் பிடிச்சவங்களாடி? ஏறட்டும்."

வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தால் அவர்கள் பெயர் மூன்று முறை வரும். நிலையத்து வழக்கம் வீட்டுக்கு வந்தது அப்படி. மூன்றாவது அழைப்பில், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே அறையிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். சீட்டுக்காரர் உடனே, "கை தெரியுது, சோத்தைப் போடு" என்பார். பெரிய பெரிய சண்டையெல்லாம் அந்தக் கையோடு தீர்ந்துபோயிருக்கிறது.

தீராதது ஒன்றே ஒன்று.

ஆறு வருஷத்துக்கு முன் சீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி, மருத்துவமனையில் ஒன்பது நாள். மூத்தவள் மருந்துக்கடை வைத்திருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு ஒன்பது நாளும் கூடவே இருந்தாள். வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த சின்னவன், நாளை வருகிறேன், நாளன்றைக்கு வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனான். அப்பா பிழைத்துவிடுவார் என்று உறுதியாக நம்பினான். கடைசியில் செய்தி கேட்டுக் கிளம்பியபோது அவனுக்குக் கிடைத்தது மதியம் ஒன்று பத்து வண்டி.

மூன்றரை மணிக்கு வாசலில் கூட்டம் வெயிலில் நின்றது. சவ வண்டிக்காரர் அடுத்த இடத்துக்குப் போகவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். சின்னவனின் போனில் சார்ஜ் போய்விட்டிருந்தது. மூத்தவள் அம்மாவின் எதிரில் குனிந்தாள்.

"கிளப்பலாமாம்மா?"

ஒன்று பத்து வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, மைக்கம்மாவைத் தவிர. மூன்று ஐம்பது. அவள் வாயாலேயே ஆயிரக்கணக்கான முறை சொன்ன நேரம். இன்னும் இருபது நிமிஷம். அது மனதில் தெளிவாக ஓடியது. ஆனால் ஒன்பது நாள் தூங்காத உடம்பு. இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. அவள் தலையாட்டினாள்.

வழியில் டயர் பஞ்சராகி, சின்னவன் வீட்டுக்குள் ஓடி வந்தபோது மணி நான்கு பத்து. வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன. எல்லாம் முடிந்து திரும்பி வந்தவர்கள் முன்னால் அவன் அக்காவைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று. யார் கிளப்பச் சொன்னது?

"நான்தான்" என்றாள் அக்கா. "ஒன்பது நாள் வராதவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் நிக்கறது?"

மைக்கம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பிறகு, இரண்டு நாள் போகட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. ஊராரின் பிள்ளைகளுக்காக ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று முப்பத்தோரு வருஷம் வண்டியை நிறுத்தியவள் தன் பிள்ளைக்கு இருபது நிமிஷம் நிறுத்தவில்லை என்று எந்த வாயால் சொல்வது? மகளும் அதைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் அப்படியே இருந்துவிட்டாள். அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அம்மா மகள் வீட்டோடு வந்துவிட்டாள். பச்சைப் பெஞ்சும் கூட வந்தது. ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாட்டிலும் அவள் சின்னவனை மூன்று முறை அழைத்தாள். மகள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு இருப்பாள். முகத்தில் ஒரு கோடும் அசையாது.

இந்த வருஷம் மைக்கம்மாவுக்குத் தொண்டை கரகரத்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு குரல்நாணில் ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கல்லூரிக்காலத்தில் தான் ஓடிப்போய் ஏறிய ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னார். கை தூக்கினாராம். இருந்தும் மருத்துவராகச் சொல்லவேண்டியதைச் சொன்னார்: அறுவைக்குப் பின் ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது, அதன்பின் குரல் எப்படி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அறுவைக்கு முந்தின சாயங்காலம் அவள் மகனுக்குப் போன் போட்டாள். இன்று விட்டால் இல்லை. அவன் அறுவையைப் பற்றிக் கேட்டான், சொன்னாள். அவள் மழையைப் பற்றிக் கேட்டாள், சொன்னான். மருமகளின் முதுகுவலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் வந்து போயின. "வேற என்னம்மா" என்றான். "வேற ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிட்டாள். கூட்டத்துக்கு முன்னால் எத்தனை ஆயிரம் வார்த்தை சொன்ன தொண்டை. ஒரு ஆளிடம் இரண்டு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் போயிற்று.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று மூத்தவள் அம்மாவுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் வாங்கி வைத்திருந்தாள். 'தண்ணீர்', 'போதும்', 'டிவி சத்தம்' என்று மைக்கம்மா எழுதிக் காட்டினாள். மாப்பிள்ளை மனைவியிடம், அத்தை ரிட்டயர் ஆனாலும் போர்டு வைப்பதை விடவில்லை என்றார். மைக்கம்மா உடனே எழுதினாள்: 'மாப்பிள்ளை, பேச்சிலிருந்து பாத்திரம் கழுவ.' அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்.

அன்று ராத்திரி முதல்தடவையாக மகள் பட்டியலைச் சொன்னாள். அம்மாவின் வரிசை அவளுக்கு அத்துப்படி. பழக்கடை மாமாவின் முழங்கால், டீச்சர் பேத்தியின் பிரசவம், குடியை விட்டுப் பதினேழு வருஷமான பெரியப்பா. மைக்கம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவனின் இடம் வந்தது. மகள் ஒரு மூச்சு எடுத்தாள். அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

மைக்கம்மா கண்ணைத் திறந்தாள். எதிரில் இருந்த கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினாள். டிங். டிங். டிங்.

மகள் நிறுத்தினாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கவில்லை. "போய்ச் சேர்ந்தவங்க" என்று கடைசிப் பகுதிக்குத் தாவிவிட்டாள்.

மறுநாளும் டிங், டிங், டிங். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"சரி. வெளியூர்ல இருக்கறவன், அங்கேயிருந்து அங்கேயே. போதுமா?"

மாப்பிள்ளை சிரிக்கவா கூடாதா என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். மைக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விழுந்தால் விழுந்ததுதான். ரத்த சொந்தம் இல்லாத இரண்டு பேர் பெயர் சொல்லிச் சொல்லி எழுப்பிய வீடு இது. ஒரு கல்லை உருவினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உருவியது மகள் இல்லை என்பதும் தெரியும்.

ஒன்பதாம் நாள், சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மருமகள் போன் செய்தாள். மாமியாரின் நலம் விசாரிக்க அவள் மூத்தவளைத்தான் கூப்பிடுவாள். இந்த வீட்டுச் சண்டையில் தனக்குப் பங்கில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்ட பெண். இப்போதுதான் உட்காருகிறோம் என்றாள் மூத்தவள். நாங்களும்தான் என்றாள் மருமகள். அத்தை ஒன்பது நாளாக மருமகள் பேச்சையும் கேட்கவில்லை, அப்படியே ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வையுங்கள், இன்றைக்கு இரண்டு வீடும் சேர்ந்தே வேண்டிக்கொள்ளலாம் என்றாள்.

மறுக்க மூத்தவளுக்கு உடனே காரணம் அகப்படவில்லை. போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு ஆறு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத குரல் கேட்டது.

"ஆண்டவனின் கனிவான கவனத்திற்கு."

மைக்கம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவன் இதைச் சொல்வான் என்று அவள் நினைத்ததே இல்லை. பழக்கடை மாமா வந்தார். பெரியப்பா வந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஹவுஸ் ஓனர்கூட வந்தார்; அவர் போய்ச் சேர்ந்தது அவனுக்குத் தெரியாது போல, இன்னும் கோபத்திலிருந்து தூக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். அவள் கேள்வியேபடாத பெயர்களும் வந்தன: ஒரு வாட்ச்மேன், லிஃப்டில் மாட்டிக்கொண்டு அறிமுகமான ஒரு வயதான தம்பதி. அவனுடைய ஆட்கள். பட்டியல் அங்கேயும் வளர்ந்திருந்தது.

பிறகு அவன் கொஞ்சம் நிறுத்தினான்.

"அக்கா. அக்கா. அக்கா. பிடிவாதத்திலிருந்து வீட்டுக்கு."

பெஞ்சில் மூத்தவள் விறைத்து நிமிர்ந்தாள். மூன்று முறை. அந்த வீட்டில் மூன்று முறைக்கு ஒரே அர்த்தம்தான்.

"டேய்" என்றாள். ஆறு வருஷத்தில் தம்பியிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. "யாருடா வண்டியை விட்டது? நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். ஓடிப்போனவன் நீ."

"நான் ஓடி வந்தேன்" என்றான் அவன். "நீதான் நிக்கல."

"தினமும் சொல்றியா இதை?"

"தினமும்தான். அம்மா என்னை மூணு தடவை கூப்பிடுவாங்கன்னு தெரியும். உன்னைக் கூப்பிட யாரு இருக்கா? அதான்."

தான் அவன் பெயரை எட்டு நாள் தாண்டிப்போனது மூத்தவளின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை, இங்கே அப்படியொன்றும் இல்லை என்கிற மாதிரி தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மைக்கம்மா பலகையை எடுத்தாள். மார்க்கர் மூடியைப் பல்லால் இழுத்தாள். இரண்டே வார்த்தை. எழுதி மகளின் முன்னால் வைத்து, போனைக் காட்டினாள்.

மகள் படித்தாள். தலையை வேகமாக ஆட்டினாள். "மாட்டேன்."

"என்னது?" என்றது போன்.

"ஒண்ணுமில்ல. அம்மா சும்மா எழுதறாங்க."

மைக்கம்மா பலகையை இன்னும் நெருக்கித் தள்ளினாள். மகள் அதைத் திருப்பி வைத்தாள். அம்மா மறுபடி புரட்டினாள். "விடும்மா" என்று மகள் அடிக்குரலில் கெஞ்சினாள். "இத்தனை நாள் இருந்தாச்சு. என்மேலேயே இருந்துட்டுப் போகட்டும்." அவள் கண் நிறைந்துவிட்டது. மைக்கம்மா கரண்டியை எடுத்தாள். டிங். டிங். டிங்.

மகள் பலகையைக் கையில் எடுத்தாள்.

"'தலையாட்டினது நான்.' அம்மா எழுதியிருக்காங்க." அவள் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு. கிளப்பலாமான்னு நான் கேட்டேன்."

மைக்கம்மா பலகையைப் பிடுங்கி அழித்து இன்னொரு வரி எழுதினாள். மகள் அதையும் படித்தாள். "'மூணு அம்பதுக்கு வண்டி வரும்னு எனக்குத் தெரியும்.'"

போனில் எதுவும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதா என்று மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மைக்கம்மா, வாழ்நாளில் எத்தனையோ முறை கண்ணாடிக்குப் பின்னால் நின்று வெறும் நடைமேடையைப் பார்த்தவள், அப்படித்தான் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றான் சின்னவன் கடைசியில். "நீ ஏன் சொல்லல?"

"அப்பா போன வீட்டுல அம்மாவையும் திட்டுவியேன்னு தோணுச்சு. என்னைத் திட்டினா நான் திருப்பித் திட்டிக்குவேன்."

"ஆறு வருஷமாவாக்கா?"

"நீ கேக்கவே இல்லையேடா."

அவன் அழுதானா சிரித்தானா என்று போனில் தெரியவில்லை. மருமகள் இடையில் புகுந்து, சாப்பாடு ஆறுகிறது, ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறோம் என்று தானே முடிவு சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மைக்கம்மா அதைக் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைவரை நாலு நாள். மகளும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசக் குரலும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மகள் பெஞ்சின் கிழிந்த மூலையைக் கோணலும் மாணலுமாகத் தைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். சீட்டுக்காரர் பார்த்திருந்தால் முழுவதையும் பிரித்துப் போட்டிருப்பார்.

ஞாயிறு அவர்கள் ஏறியது அதே ஒன்று பத்து வண்டி. இரண்டு மணிக்கே சமையல் முடிந்தது. மதியச் சாப்பாட்டை அவர்கள் வந்தபின் சேர்ந்து சாப்பிடுவது என்று ஏற்பாடு. மூன்று ஐம்பது ஆயிற்று, வரவில்லை. நான்கு ஆயிற்று. மாப்பிள்ளையின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி கூவியது. தட்டுகள் வைத்தது வைத்தபடியே இருந்தன.

"நேரம் ஆச்சு, நாம..." என்று மூத்தவள் வாயெடுத்தாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாசலையே பார்க்கத் தொடங்கினாள்.

நான்கு முப்பத்தைந்துக்கு ஆட்டோ வந்து நின்றது. அந்த வழித்தடத்தில் இப்போது பாலம் கட்டுகிறார்களாம். சின்னவன் பையோடு உள்ளே வந்து, தொடாத தட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டான். பொழுது சாயப்போகிற நேரத்தில் மதியச் சாப்பாடு. அக்கா எழுந்துகொள்ளவில்லை.

"கையைக் கழுவிட்டு வா. எவ்வளவு நேரம் நிக்கறது?"

அவன் கழுவிக்கொண்டு வந்தான். ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள், அதாவது சுவரோரம். தள்ளி உட்கார் என்றான். முடியாது என்றாள். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் தோளால் இடித்து, நடுவில் அம்மாவை நெருக்கி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் நாற்காலிதான்.

யார் சொல்வது என்று ஒரு நொடி தயக்கம். பிறகு அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, மோதி, நிறுத்தினார்கள். நீயே சொல் என்றாள் அக்கா.

அவன் சொன்னான். ஹவுஸ் ஓனர் இடம் வந்தபோது அக்கா, "அவரு போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு" என்று கிசுகிசுத்தாள். அவன் அவரைக் கடைசிப் பகுதிக்கு மாற்றினான். அக்கா பெயர் ஒரே முறை வந்தது: "மருந்துக்கடையிலிருந்து எப்பவாவது எங்க வீட்டுக்கு." போய்ச் சேர்ந்தவர்களில் அப்பாவைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது. பட்டியல் முடிந்ததென்று எல்லோரும் கண்ணைத் திறக்கப் போனார்கள்.

அவன் முடிக்கவில்லை.

"அம்மா" என்றான். கொஞ்சம் விட்டு, "அம்மா." மைக்கம்மா கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள் அந்த வாசல், வெயில், கூட்டம். அவள் மகனின் கை மேசைக்கடியில் வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது.

"அம்மா. அந்த மூணரை மணியிலிருந்து இந்த மேசைக்கு."

அவள் வாயைத் திறக்கக்கூடாது. திறக்கவும் இல்லை. மகன் பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு, கண்ணை மூடியபடியே, தலைக்குமேல் உயரமாகத் தூக்கினாள்.

"கை தெரியுது" என்றாள் மகள். "சோத்தைப் போடு."